கூரையும் ஞாயிறும்

இரத்தினபுரியில் ஒருவன் தன் வீட்டுக் கூரையின்மேல் சூரிய மின்தகடுகள் பொருத்தப் போவதாகச் சொன்னால், கேட்பவர் முதலில் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு சொன்னவன் முகத்தைப் பார்ப்பார். மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற இந்நகர் மழைக்கும் அவ்வளவே பெயர்பெற்றது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் இங்கே மழை பொழிகிறது. 2003 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் களு கங்கை ஊருக்குள் புகுந்த கதையைப் பல வீட்டுச் சுவர்களின் கறையே சொல்லும். இத்தகைய ஊரில், நூறு வயதை நெருங்கும் ஓட்டு வீடொன்றின்மேல், ஞாயிற்றை நம்பி நான் பணத்தை முடக்கியபோது நண்பர்கள் நகைத்ததில் வியப்பில்லை.

இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்தித் தொடங்கினார். எங்கள் மாவட்டத்துக்கு மழை முன்பே மின்சாரம் தந்துவிட்டது. பலாங்கொடைக்கு அப்பால் உள்ள சமனலவாவி மின்நிலையம் 1992 ஆம் ஆண்டு முதல் 120 மெகாவாற்று வலுவுடன் நிற்கிறது. ஞாயிறும் இப்போது தரத் தொடங்கியிருக்கிறது. திங்கள் ஒன்றுதான் பாக்கி!

என்னை இம்முயற்சிக்குத் தள்ளியது 2022 ஆம் ஆண்டு. எரிபொருள் வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பின்னர் விளக்கு எரிந்தது. ஆனால் கட்டணமும் எரிந்தது. 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் கட்டணம் ஏறிற்று. கூரையில் விளையும் மின்சாரத்தைப் பொது மின்வலையமைப்புக்கு விற்கும் திட்டமோ 2016 செப்டெம்பரிலேயே விரிவாக்கப்பட்டிருந்தது. அன்றைய ஒழுங்கின்படி அலகொன்றுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் 15 ரூபா 50 சதமும் கிடைக்கும். விலை பின்னர் பலமுறை மாறிற்று. ஆனால் இருபது ஆண்டு ஒப்பந்தம் என்ற எண்ணம் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒளி மின்னாகும் விந்தை புதியதன்று. 1839 இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண் பெக்கரல் அதனைக் கண்டார். 1880 களில் சாள்ஸ் ஃபிரிட்ஸ் என்பவர் செலீனியத் தகடுகளை நியூயோர்க்கில் ஒரு கூரையின்மேல் வைத்துப் பார்த்தார். அவை பெற்ற ஒளியில் நூற்றில் ஒரு பங்கையே மின்னாக்கின. 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கனால் செய்து காட்டிய கலம் ஆறு பங்கை எட்டியது. இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் இருபது பங்குக்கு மேல் தருகின்றன. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கன், மாணிக்கம் விளையும் ஊரின் கூரையில் ஏறி, மாணிக்கத்தைவிட அதிகமாக உழைக்கிறது எனலாம்.

ஆயினும் பழைய வீட்டுக்குப் புதுப் பொருள் ஏறுவது எளிதன்று. தகடு ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் நிறையுடையது. ஐந்து கிலோவாற்று வேண்டுமாயின் அத்தகைய தகடுகள் பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். ஆகவே முதலில் கூரைமேல் ஏறியவர் மின்னியலாளர் அல்லர்; தச்சுப் பாஸ். அவர் கைமரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டார். கணீரென்று ஒலித்தவற்றை விட்டு, மந்தமாக ஒலித்த மூன்றை மாற்றச் சொன்னார். கள்ளிக்கோட்டை ஓட்டைத் துளைக்கக் கூடாது. சில ஓடுகளை நகர்த்தி, கைமரத்தோடு இரும்புக் கொளுக்கிகளைப் பிணைத்து, அவற்றின்மேல் அலுமினியச் சட்டங்களை ஓடவிட்டே தகடுகளைப் பொருத்த வேண்டும். என் பாட்டனார் வயதுடைய மின்கம்பிகளும், பெயரளவில் இருந்த புவித்தொடுப்பும் புதுப்பிக்கப்பட்டன.

திசையைப் பற்றி நான் அஞ்சியது வீண். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் ஞாயிறு இரத்தினபுரியின் நேர் உச்சியில் நிற்கிறது. சரிவு சிறிதாக இருந்தால் எத்திசைக் கூரையும் ஓரளவு பயன்தரும். அஞ்ச வேண்டியது நிழலுக்கே. தகடுகள் சங்கிலிபோல் இணைக்கப்படுவதால், ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உழைப்பையும் குறைக்கக்கூடும். எங்கள் முற்றத்துப் பலா மாலை மூன்று மணிக்கு மேல் கூரையில் நிழல் வீழ்த்தும். பலாவை வெட்டுவதற்கு இந்நாட்டில் அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தாலும் என் மனம் இசைந்திராது. பஞ்ச நாளில் சோறு போட்ட மரம் அது. மேற்குக் கூரையைப் பலாவுக்கு விட்டுவிட்டுக் கிழக்குக் கூரையில் தகடுகளை நெருக்கி அமைத்தோம். மாசியில் நிறைந்து நிற்கும் கணக்கு, தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் சுருங்கும். ஆனாலும் ஆண்டுக் கணக்கில் நகைத்தவர்கள் நகைப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கற்ற முதற்பாடம் வேறொன்று. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே தொடக்கம் என்றார்கள். கூரைமேல் நல்ல வெயில்; வீட்டுக்குள் மின்விசிறி ஓடவில்லை! வலையமைப்பில் மின் நின்றால், அதனோடு இணைந்த நம் கருவியும் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லையேல் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிர் போகும். சேமிப்பு மின்கலமும் அதற்குரிய தனி அமைப்பும் இல்லாதவன், வெயிலைக் கூரையில் வைத்துக்கொண்டே விசிறி ஓலையைத் தேட வேண்டியதுதான். அவ்வாண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியதால், மாலை மூன்று மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இல்லாமையால் இருண்டோம். இப்போது மிகுதியால் நிறுத்தினோம். தனி வீட்டுக் கூரை என்று ஒன்று இல்லை. எல்லாக் கூரைகளும் ஒரே வலையில் கோத்தவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அவ்வேளையில்தான், புத்தாண்டுக்கு வந்திருந்த என் தமக்கையார் முற்றத்தில் நின்று கூரையை நெடுநேரம் பார்த்தார். அவர் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இன்றும் நாங்கள் பிறந்த அதே லயத்தில் வாழ்பவர்.

“தம்பி, இந்தக் கண்ணாடி எல்லாம் எங்க லயத்து மேல போட விடுவாங்களா?”

“போடலாம் அக்கா. ஆனா கூரை நம்ம பேர்ல இருக்கணும்.”

“வெயில் எங்களுக்குந்தானே அடிக்குது?” என்றார் அவர்.

மறுமொழி சொல்ல என்னிடம் சொல் இல்லை. என்னிடம் கேட்கப்பட்ட ஆவணங்களுள் வீட்டு உரிமைச் சான்று ஒன்று. நான் பெட்டியிலிருந்து உறுதியை எடுத்து நீட்டினேன். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காக என் தமக்கையாரின் தலைமுறை எத்தனை ஆண்டுகள் காத்து நிற்கிறது!

நாங்கள் வளர்ந்தது தகரக் கூரையின் கீழ். காற்றில் பறந்துவிடாதிருக்க அதன்மேல் கற்களை ஏற்றி வைத்திருப்போம். ஒழுகினால் தோட்டத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். ஸ்டோரில் இரவெல்லாம் மின்விளக்கு எரியும். தேயிலை இயந்திரங்களை ஓட்ட ஓடைநீரால் சுழலும் சுழலிகளைப் பல தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலேயே வைத்திருந்தன. நாங்களோ குப்பிலாம்பின் புகையில் படித்தோம். தேயிலைக்கு ஒளி வந்து நெடுநாள் கழித்தே அதைப் பறித்தவர்களுக்கு ஒளி வந்தது. இன்று பெரும்பாலான லயங்களில் மின்விளக்கு எரிகிறது. ஆனால் கூரையின் கதை மாறவில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை தனியார் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது. ஒழுக்கு மட்டுமே குடியிருப்பவருடையது.

ஏழு பேர்ச்சு நிலத்தில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவியுடன் எழும் வீடுகளும் இந்நிலையை மெல்ல மாற்றுகின்றன. உறுதி கைக்கு வந்த இடத்தில் கூரையும் கைக்கு வருகிறது. ஆனால் அதுவரை லயங்களில் இருப்போர் வெயிலை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? லயத்தின் கூரை நீண்டது, பலருக்குப் பொதுவானது. பொதுக் கூரைக்குப் பொதுத் தொகுதி அமைத்து, அதன் வருவாயைக் கீழே வாழும் குடும்பங்களின் கணக்கில் வரவு வைக்க இயலாதா? 25 மாவட்டங்களிலும் 5,000 சமயத் தலங்களின் கூரைகளுக்கு இந்தியா தகடுகள் தந்த செய்தி 2025 இல் வந்தது. தனியொருவர் பெயரில் இல்லாத கூரையிலும் ஞாயிற்றை அறுவடை செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று. மறுப்போர் சொல்லும் ஒரு நியாயம் உண்மையானது: லயத்தின் உளுத்த கைமரங்கள் தகடுகளின் பாரத்தைத் தாங்கா. நன்று, முதலில் கைமரத்தை மாற்றட்டும். எந்தக் காரணத்துக்காகவேனும் அந்தக் கூரை செப்பனிடப்பட்டால் போதும்.

கூரை மின்சாரத்தை விஞ்ஞானத்தின் வெற்றி என்று மேடைகளில் பேசுகிறோம். அது உண்மைதான். ஆயினும் விண்ணப்பத்தின் முதல் வரி விஞ்ஞானத்தைக் கேட்பதில்லை, உறுதியைக் கேட்கிறது. ஞாயிறு எல்லாக் கூரைகளிலும் ஒன்றுபோலவே விழுகிறது. அதை எடுத்துக்கொள்ளும் உரிமைதான் ஒன்றுபோல் பகிரப்படவில்லை.

விடுமுறை முடிந்து தமக்கையார் புறப்பட்டார். பஸ் நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டே, “உறுதி வந்தா சொல்லி அனுப்புறேன். அந்தத் தச்சுப் பாஸைக் கூட்டிக்கிட்டு வா” என்றார். பாஸுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை.