தோட்டத்துப் பாதைகளும் நடக்கும் உரிமையும்
லிந்துலைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

பாதைகளை வெறும் பௌதிக அமைப்புகளாக மாத்திரம் நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின், ஒவ்வொரு பாதையும் ஒரு சமூகத் தேவையின் விளைவாகும். அத்தேவை யாருடையது என்னும் வினாவை எழுப்பாது வரையப்படும் எந்தப் போக்குவரத்துத் திட்டமும் நிலவும் உடைமை உறவுகளையே மீண்டும் நிலத்தில் வரைந்துவிடும். நடப்போருக்கும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோருக்கும் உரிய உள்ளூர்ப் பாதை வலையமைப்பை லிந்துலை போன்ற தேயிலைப் பிரதேசத்தில் எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இவ்வடிப்படையில் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மலையக மக்களின் வரலாறே நடையில் தொடங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை, 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயா வரை நீண்டது. விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மை நோக்கம். தோட்டத்தின் உட்பாதைகளும் இந்நோக்கத்தின் கிளைகளே. மலையிலிருந்து கொழுந்து மடுவத்திற்கும், அங்கிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து பெருவீதிக்கும் வண்டிப்பாதைகள் வெட்டப்பட்டன. லயத்திலிருந்து பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் வழி அத்திட்டத்தில் முதன்மை பெறவில்லை.

அவ்வழிகளைத் தொழிலாளரே தம் கால்களால் அமைத்துக்கொண்டனர். தேயிலை நிரைகளினூடே, கான்களைத் தாண்டி, நேரே இறங்கும் குறுக்குப்பாதைகள் அவ்வாறு தோன்றியவை. இவற்றை ஒழுங்கின்மையின் அடையாளமாகக் கருதுவது தவறாகும். மக்கள் எங்கிருந்து எங்கே செல்ல வேண்டியிருக்கின்றது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. எனவே, திட்டமிடலின் முதற்படி இக்குறுக்குப்பாதைகளைக் கணக்கெடுத்துப் படத்திற் குறிப்பதேயாகும்.

இரண்டாவது படி, தூரத்தை நேரமாக மாற்றுவது. சமவெளி நகரங்களில் பாடசாலையை மையமாக வைத்து வட்டம் வரைந்தால் போதும். மலைநாட்டில் அவ்வட்டம் நம்மை ஏமாற்றிவிடும். ஸ்கொட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதியின்படி, மூன்று மைலுக்கு ஒரு மணி நேரமும், இரண்டாயிரம் அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரமும் வேண்டும். அதாவது, ஒரு கிலோமீற்றர் வழியில் நூறு மீற்றர் ஏற்றம் இருப்பின், பன்னிரண்டு நிமிட நடை ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடமாகின்றது. இது சுமையற்ற, உடல்நலமுள்ள ஒருவருக்குரிய கணக்கு. கர்ப்பிணிப் பெண்ணுக்கும், பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கும், மழையில் நனைந்து செல்லும் மாணவனுக்கும் நேரம் இன்னும் கூடும்.

மூன்றாவதாக, இருவகைப் பாதைகளையும் இணைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் துவிச்சக்கரவண்டி பெற்ற இடத்தை லிந்துலையில் அது அப்படியே பெற இயலாது. நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றருக்கு மேல் ஏறும் சரிவு நீளுமாயின், பெரும்பாலானோர் இறங்கித் தள்ளவே நேரும். ஆயின், மாட்டுவண்டிக்கும் பின்னர் லொறிக்கும் ஏற்ப மலையைச் சுற்றி வளைத்து வெட்டப்பட்ட பாதைகள் துவிச்சக்கரவண்டிக்கும் ஓரளவு பொருந்துவன. ஆகவே, வண்டிப்பாதை சக்கரத்திற்கும், படிகளும் கைப்பிடியும் நீர்வடிகாலும் அமைத்த குறுக்குப்பாதை கால்களுக்கும் என இரண்டு வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, அவை சந்திக்கும் இடங்களைச் செப்பனிடலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரம் எண்பதுகளில் நிறைவேற்றிய துவிச்சக்கரவண்டித் திட்டமும் தனித்தனிப் பாதைகளைவிட, அறுபடாத தொடர்ச்சிக்கே முதன்மை அளித்தது. ஓடையொன்றின் மேல் பாலம் இல்லையெனின், அதன் இருபுறமும் இடப்பட்ட படிகள் பயனற்றுப்போம்.

இவை யாவும் தொழில்நுட்ப வினாக்கள். அடிப்படை வினா உடைமை பற்றியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. பாதையின் நிலம் அரசினுடையது, ஆட்சி கம்பனியினுடையது, நடப்போர் இருவருமல்லர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டுவந்தது. அது 2018இலேதான் திருத்தப்பட்டது. வாக்களித்த மக்களின் வாசற்படிக்கு அவர்கள் தெரிந்தெடுத்த சபை பாதையிட முடியாதிருந்த நிலை மூன்று தசாப்தங்கள் நீடித்தது.

தோட்டப் பாதையில் யார் நடக்கலாம் என்பது தொழிற்சங்க வரலாற்றின் தொடக்க வினாவுமாகும். அந்நியர் நுழைவு குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசையர் புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குட் சென்றதை மலையக வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துரைப்பர். இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. 1932 ஏப்ரலில், பென்னி ரொத்மன் என்னும் இளம் பொதுவுடைமைவாதியின் தலைமையில் தொழிலாளர் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949இல் இயற்றப்பட்ட சட்டம், பொதுவழிகளைப் படத்திற் பதிவுசெய்யும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. அப்படம் உரிமைக்குச் சட்டச் சான்றாயிற்று.

நமக்கும் வேண்டியது அத்தகைய ஒரு படமே. தலவாக்கலை-லிந்துலை நகரசபையும் அயற் பிரதேச சபைகளும் தோட்டத் தொழிலாளருடன் சேர்ந்து குறுக்குப்பாதைகளைப் பதிவேட்டில் இடுதல் வேண்டும். பதிவுபெறாத பாதை முகாமையின் தயவில் இருப்பது; தேயிலை மீள நடப்படுகையில் மறைந்துபோவது. படிகளுக்கான சீமெந்து அதன்பின் வரட்டும். நூற்றைம்பது ஆண்டு நடையால் தேய்ந்த வழியைப் பொதுவழியென எழுத்தில் ஏற்பிப்பதே முதற் பணியாகும்.