ஆவாரை: வறண்ட நிலத்தின் பொன்மலர்



மல்லிகையையும் ரோஜாவையும் அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் நீர் ஊற்றுவாரும் உரமிடுவாரும் இன்றி, மணற்பாங்கான வறண்ட சமவெளியில் தானே வளர்ந்து பொன்னிறமாய்ப் பூக்கும் ஆவாரையை நின்று நோக்கியவர் எத்தனை பேர்? அதைப்பற்றி நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஆவாரை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சங்க நூல்கள் இதனை ‘ஆவிரை’ என்கின்றன. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. 1753-இல் லின்னேயஸ் இதற்குக் ‘காசியா ஆரிக்குலேட்டா’ என்று பெயரிட்டார். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதில்கள் இருப்பதே அப்பெயருக்குக் காரணம். இன்று தாவரவியலார் இதனைச் ‘சென்னா ஆரிக்குலேட்டா’ என்பர்.

ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தோம். இதழ்கள் 5, மகரந்தத் தாள்கள் 10. அவற்றுள் மேலே உள்ள மூன்றும் மலடு. பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பின் மகரந்தம் வெளிவருவது எப்படி? கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு அதிர்கிறது. உப்புச் சீசாவைக் குலுக்கினாற்போல் மகரந்தம் அதன் உடல்மீது கொட்டுகிறது. படைப்பின் விந்தையை என்னென்பது!

ஆவாரம்பட்டையில் துவர்ப்புப் பொருளாகிய ‘டானின்’ மிகுதி. தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழில் முன்பு இப்பட்டையையே பெரிதும் நம்பியிருந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இதன் இடத்தைப் பிடித்தது. பட்டைக்காகவும் விறகுக்காகவும் நீலகிரி, பழனி மலைகளில் வாட்டில் மரங்கள் நடப்பட்டன. இன்று அவை தாமே பரவி, மலைப் புல்வெளிகளை விழுங்கி வருகின்றன. அயல்மரத்தைக் கொணர்ந்ததற்கு விலை கொடுப்பவை அப்புல்வெளிகளே.

கொங்கு நாட்டில் பொங்கலையொட்டி வேப்பிலை, பூளைப்பூவுடன் ஆவாரையையும் சேர்த்துக் கூரையில் ‘காப்பு’க் கட்டுவர். தெலங்காணா இதனைத் தன் மாநில மலராகவே கொண்டுள்ளது. அங்குப் பெண்கள் பதுகம்மா விழாவில் இம்மலரை அடுக்கி மகிழ்வர்.

ஆயினும் ஆவாரை பூக்கும் நிலத்திற்கு நாம் இட்ட பெயர் ‘தரிசு’. தரிசுதானே என்று மண்ணை அள்ளுகிறோம், மனை பிரிக்கிறோம், குப்பையைக் கொட்டுகிறோம். செடி போனால் வண்டும் போகும் அல்லவா?

தோழியரே! காப்புக்குக் கொத்து ஒடிப்போம், வேரோடு பிடுங்கோம். காய்ந்த காய்களைச் சேர்த்து, விதைகளை வேலியோரம் ஊன்றுவோம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரும் உண்டோ என்பது பழமொழி. அந்த ஆவாரையைச் சாகாமல் காப்பது நம் கடமை அன்றோ!