குளிர்வது வாயுவா, சுவரா?

ரவாங் உணவகங்களில் காலைக் கூட்டம் முட்டும் நேரம், பின்கட்டில் நிற்கும் கேஸ் தோம்பைப் பாருங்கள். அடுப்புகள் எல்லாம் சேர்ந்து எரிந்தால் தோம்பின் கீழ்ப்பகுதி வியர்க்கும். சில வேளை வெண்பனியும் படியும். மேல்பகுதி உலர்ந்தே இருக்கும். திரவம் நிற்கும் மட்டம் வரைதான் குளிர். ஆவியாகத் தேவையான வெப்பத்தைத் திரவம் தன்னைத் தொட்டு நிற்கும் எஃகிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

எரிவாயு ஆலைப் பொறியாளர்களின் தலைவலியும் இந்தக் குளிர்தான். ஆபத்து வந்தால் வால்வை மூடுவது மட்டும் போதாது, உள்ளே அடைபட்ட வாயுவும் வெளியேற வேண்டும். 2025 ஏப்ரல் 1 அன்று மலேசியாவின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தபோது வால்வுகளை மூடிய பிறகும் மிச்சமிருந்த வாயு மணிக்கணக்கில் எரிந்தது, பிற்பகல் 3.45 வாக்கில்தான் தீ அடங்கியது. ஆலைக் கலன்களுக்கு நெடுநாளாக ஒரு பொது அளவுகோல் உண்டு: தீ சூழ்ந்தால் 15 நிமிடத்தில் அழுத்தத்தை வடிவமைப்பு அளவில் பாதிக்குக் குறைக்க வேண்டும். சூடேறிய எஃகு வலுவிழந்துவிடும் என்பதே காரணம்.

ஆனால் வேகமாக விரியும் வாயு கடுமையாகக் குளிரும். 27 டிகிரியில் 80 பார் அழுத்தத்திலுள்ள மீத்தேன் 10 பாருக்கு இறங்கினால், சுவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே போய்விடும். சாதாரண கார்பன் எஃகை மைனஸ் 29 வரைதான் பொதுவாக நம்புவார்கள்; அதற்குக் கீழே கண்ணாடிபோல் நொறுங்கலாம். இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் எல்லாக் கலனுக்கும் விலையுயர்ந்த எஃகு வாங்க வேண்டியதுதான். பயத்துக்கும் ஒரு விலை உண்டு.

உண்மையில் 1.5 மீட்டர் விட்டமும் 6 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கலனில், அந்த வாயுவைப்போல் சுமார் 20 மடங்கு எடையுள்ள எஃகு இருக்கிறது. அது வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த வாயு அதை மெதுவாகத்தான் வாங்கும். வாயுவில் கலந்துள்ள புரொப்பேன், பியூட்டேன் போன்றவை திரவமாகி அடியில் தேங்கினால் கதை மாறும். கொதிக்கும் திரவம் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும், அடிச்சுவரும் அதன் குளிருக்கே இறங்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹக், ரிச்சர்ட்சன், சேவில் ஆகியோர் 1992இல் வெளியிட்ட 'புளோடவுன்' கணினி மாதிரி கலனை ஒரே தொகுதியாகப் பார்க்காமல் வாயு, திரவம், அவற்றைத் தொடும் சுவர் எனத் தனித்தனியாகக் கணித்தது அதனால்தான்.

குளிர்ந்த எஃகு, அதன்மேல் அழுத்தம் இல்லாதவரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தமோ சூடோ ஏற்றும் அடுத்த கட்டத்தில்தான் ஆபத்து வருகிறது. 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் சூடான எண்ணெய் ஓட்டம் நின்று, ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்தது. மீண்டும் சூடான எண்ணெயைச் செலுத்தியதும் அது உடைந்தது, இருவர் இறந்தனர். அது அழுத்தம் இறக்கிய நிகழ்வல்ல, ஆனால் எஃகுக்கு நேர்ந்தது அதேதான். எனவே 15 நிமிடத்தோடு கணக்கை நிறுத்தக்கூடாது. வெப்பக் காப்புப் போர்த்திய கலன் தானாகச் சூடேற மணிக்கணக்காகும். எப்போது மறுபடி வாயு நிரப்பலாம் என்பதையும் அதே கணினி மாதிரிதான் சொல்ல வேண்டும்.