சதுர அடியில் அடங்காத வீடு

பெருந்தோட்ட மக்களின் வீடமைப்பு குறித்துப் பேசப்படும் போதெல்லாம் எண்ணிக்கைகளே முன்வைக்கப்படுகின்றன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, இரண்டு படுக்கையறைகள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மத்திய, ஊவா மாகாணங்களில் அமைந்த வீடுகளின் அளவு இதுவே. லயன் காம்பராவோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டில் வாழ்பவர் கண்ணால் மட்டும் வாழ்வதில்லை. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லஸ்மா 1996இல் வெளியிட்ட நூலில், நவீன கட்டடக்கலை காதையும் மூக்கையும் தோலையும் மறந்துவிட்டது என வாதிட்டார். லயத்தில் பிறந்தவருக்கு இதை நூல் பார்த்து அறிய வேண்டிய தேவை இருந்ததில்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களில் அடுத்த வீட்டு இருமலும் சண்டையும் சுவரைத் தாண்டி வரும். முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில் பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை. ஆதலால் பகலிலும் இருள். விறகு அடுப்பின் புகை வெளியேற வாசல் ஒன்றே. தகரக் கூரையில் மழை கொட்டினால் பிள்ளை உரத்து வாசித்தாலும் அதன் காதுக்கே கேளாது. ஊவாவில் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வது. சாதாரண தரப் பரீட்சை பல ஆண்டுகள் டிசம்பரிலேயே நடைபெற்று வந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

காற்றின் கதையோ விசித்திரமானது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைத்தொடரைக் கடந்து வறண்டு வீசும் தென்மேற்குக் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருகின்றது. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியில் அக்காற்றை அனுபவிக்கச் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் செல்கின்றனர். கொழுந்து பறிப்பவரின் வீட்டிலோ அதே காற்று கதவிடுக்கால் நுழைந்து முதியவரின் மூட்டைக் குடைகின்றது.

பதுளை நகர் சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே வரைபடம் எவ்வாறு பொருந்தும்? மேலே அடுப்பின் வெப்பம் உறங்கும் அறையை எட்ட வேண்டும், புகை எட்டக் கூடாது; புகைபோக்கியும் அடுப்பை ஒட்டிய பொதுச் சுவரும் அதற்குப் போதும். கீழே எதிரெதிர் ஜன்னல்கள் வேண்டும். கூரையின் கீழ் உட்கூரை ஒன்று அமைந்தால் மழையின் இரைச்சலும் குளிரும் ஒருங்கே குறையும்.

இஸ்தோப்பையும் வீண் இடமென நீக்கிவிடலாகாது. உறவினர் வந்து அமர்வதும், மாலையில் பிள்ளைகள் படிப்பதும், தூரத்துக் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கொலியும் காதில் விழுவதும் அங்கேதான். ஊவாவின் முஸ்லிம் குடும்பங்கள் முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையே பார்வை மறைப்பை வேண்டுவதும் இத்தகைய தேவையே. வாசலை ஓரடி நகர்த்தினால் செலவின்றி அது கைகூடும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை மீண்டும் சிதைத்தது. உறுதியான நிலமே முதற் தேவை என்பதை எவரும் மறுக்கார். ஆனால் மீளக் கட்டும் வேளையிலேயே வரைபடத்தைத் திருத்த இயலும். அத்திவாரம் வெட்டுமுன் அதிகாரிகள் ஒரு நாள் அதிகாலையிலும் ஒரு மழை நாளிலும் அந்நிலத்தில் நின்று, அடுப்பு எத்திசையில் வேண்டும் என்பதை அவ்வீட்டுப் பெண்களிடம் கேட்கட்டும்.