குவாம் தீவின் மர்ம நோய்

முதலில் கை தளரும். பிறகு கால், நாக்கு. கடைசியில் மூச்சும் ஓயும். அறிவு மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்!

டாக்டர்கள் இதை "ஏ.எல்.எஸ்." என்பார்கள். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவின் சமோரோ மக்களுக்கு இது "லிட்டிகோ".

1950-களில் அமெரிக்க டாக்டர்கள் அங்கே கணக்கு எடுத்தார்கள். மற்ற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு அதிகம்! ஒரே குடும்பத்தில் பலர் படுத்தார்கள்.

பரம்பரை நோயா? உணவில் கோளாறா?

சைகஸ் மரத்தின் கொட்டையில் நஞ்சு உண்டு. பெண்கள் அதை நாள்கணக்கில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, மாவாக்கி ரொட்டி சுடுவார்கள். போர்க்காலத்தில் பலருக்கு அதுதான் சோறு.

2002-ல் பால் காக்ஸ், ஆலிவர் சாக்ஸ் இருவரும் வௌவாலைச் சந்தேகித்தார்கள். கொட்டை தின்ற வௌவாலை மக்கள் சமைத்துத் தின்றார்களே! எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்பவில்லை.

ஆனால் 1950-களுக்கு அடுத்த முப்பது ஆண்டுகளிலேயே நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. பரம்பரை மட்டுமே காரணம் என்றால், அவ்வளவு சீக்கிரம் குறையுமா?