மூன்று படிகளின் ஒப்பீடும் அந்தமான் ஊர்ப்பெயர்களும்

ஒரே பனுவலை இருவர் தனித்தனியே திருத்தினால் அத்திருத்தங்களை ஒன்றாக்குவது எவ்வாறு என்பது பதிப்பாசிரியர்க்குப் பழகிய வினாவாகும். கணிப்பொறித் துறையில் இதனைப் பதிப்புக் கட்டுப்பாடு என்பர். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' இதற்குப் பெருவழக்காயுள்ள கருவி. இதன் பயனையும் எல்லையையும் அந்தமான் ஊர்ப்பெயர்களைக் கொண்டு விளக்கலாம்.

2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. தமிழில் ஒரு பயண வழிகாட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் தலைமைப்படியில் இப்பெயர்கள் மாற்றப்படுகின்றன. இதற்கிடையே தீவிலுள்ள மொழிபெயர்ப்பாளர் தம் படியில் 'ப்ளேர்' என்றிருந்ததைப் 'பிளேயர்' எனத் திருத்தியும், வேறோரிடத்தில் கப்பல் புறப்படும் நேரத்தைச் சேர்த்தும் வைத்துள்ளார்.

இவ்விரு படிகளை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். மாற்றியவர் யார் என்பது புலப்படாது. தலைமைப்படியில் கப்பல் நேரம் இல்லாமைக்குக் காரணம் அவர்கள் நீக்கியதா, இவர் சேர்த்ததா? இதனை அறிய, இரண்டும் பிரிவதற்கு முந்தைய பொது மூலம் மூன்றாம் படியாக வேண்டும். மூலத்தோடு ஒப்பிட, ஒரு படியில் மட்டும் மாறிய வரியில் அம்மாற்றம் ஏற்கப்படும். இரண்டிலும் வெவ்வேறாக மாறிய வரி முரண் எனக் குறிக்கப்பட்டு மனிதர் முடிவுக்கு விடப்படும். 'ப்ளேர்' இருந்த வரி இத்தகையது. (ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் இம்மூலம் கிட்டாமலே பாடவேறுபாடுகளை ஆய்ந்தனர் என்பது நினைக்கத்தக்கது.)

எனினும் முரண் எழாமை சரியான இணைப்புக்குச் சான்றாகாது. 'போர்ட் பிளேயரிலிருந்து கப்பல் காலையில் புறப்படும்' என்னும் புதுவரி மூலத்தில் இல்லாததால் தடையின்றி நுழைந்துவிடும். பனுவலில் பழம்பெயரும் புதுப்பெயரும் கலந்து நிற்கும். 'போர்ட் பிளேயர்' என்று தேடினாலும் இவ்வரி அகப்படாது. ஏனெனில் யூனிகோடில் 'ர்' என்பது ரகரமும் புள்ளியும். 'ரி' என்பது ரகரமும் இகரக் குறியும். புள்ளியை விடுத்துத் தேடி மாற்றினாலோ, மகர ஈறு அத்துச்சாரியை பெற்று 'விஜயபுரத்திலிருந்து' என வரவேண்டும் என்பதைக் கருவி அறியாது. '1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது' போன்ற வரலாற்றுத் தொடர்களில் பழம்பெயரே நிற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

மென்பொருள் மொழிபெயர்ப்பிற்குரிய 'கெட்டெக்ஸ்ட்' கருவித்தொகுதி இதில் சற்று எச்சரிக்கையானது. மூலத்தொடர் சிறிது மாறினால் பழைய மொழிபெயர்ப்பை அது அழிப்பதில்லை. 'ஃபஸ்ஸி', அதாவது ஐயத்துக்குரியது, என்று குறித்து வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் சரிபார்த்து அக்குறியை நீக்கும்வரை அத்தொடர் இயல்பாகத் திரைக்கு வருவதில்லை.