அழவும் விடுங்கள், அமைதியாக இருக்கவும் விடுங்கள்

2004 டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, பாலிக் பூலாவை அடுத்த பாசிர் பாஞ்சாங் ஆகிய பினாங்குக் கடற்கரைகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை 8.58 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு பினாங்கில் கடல் பொங்கிக் கரையேறியது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தவர்கள்.

இடிந்த வீட்டைக் கட்டிவிடலாம். உடைந்த படகுக்குப் பதிலாக வேறு படகு வாங்கலாம். கையைவிட்டு நழுவிப்போன பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு என்ன செய்வது? நம் சமுதாயத்தில் இதற்கு இரண்டு விதமான ஆறுதல் உண்டு. “அழாதே, நடந்ததை மறந்துவிடு, இருக்கிற பிள்ளைகளைப் பார்” என்பது ஒன்று. “மனத்தில் இருப்பதை எல்லாம் இப்போதே கொட்டிவிடு” என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டுமே சிலருக்குக் கெடுதலாக முடியலாம் என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல, சுனாமிக்குப் பிறகு தமிழ் மக்களிடையே நடத்தப்பட்டவை.

துக்கம் ஒரு நோயா?

நிச்சயமாக இல்லை. அன்புக்குரியவர் இறந்த பின் சாப்பாடு இறங்காமல் இருப்பது, தூக்கம் வராமல் புரள்வது, இறந்தவரின் குரல் கேட்பதுபோல் தோன்றுவது எல்லாம் இயற்கை. பெரும்பாலோர் மருந்து மாத்திரை இல்லாமலே, உற்றார் உறவினரின் துணையோடு மெல்ல மெல்ல வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

துக்கம் மறுப்பு, கோபம் என்று ஐந்து படிகளாக வரும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய நூலிலிருந்து அது வந்தது. உண்மையில் அவர் கேட்டு எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளின் மனநிலையை. இறந்தவரை இழந்து நிற்பவர்கள் அந்தப் படிகளை வரிசையாக ஏறித்தான் ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1999இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவரின் மனம் ஊஞ்சலைப் போல ஆடுகிறது. ஒரு நேரம் இழப்பை நினைத்து உருகுகிறது. மறு நேரம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை என்று அன்றாட வேலைகளைக் கவனிக்கிறது. இந்த ஆட்டமே மனம் தேறுவதற்கான வழி. எனவே கணவனை இழந்த பெண் மூன்றாம் மாதம் ஒரு திருமண வீட்டில் சிரித்துவிட்டால் அவளுக்குப் பாசம் இல்லை என்று பேசுவது அநியாயம். ஓராண்டு கழித்து ஒரு நாள் அவள் விம்மி அழுதால் இன்னும் தேறவில்லையே என்று கடிந்துகொள்வதும் அநியாயம்.

காலம் ஆற்றிவிடாதா?

பலருக்கு ஆற்றும். எல்லோருக்கும் அல்ல. நோய்வாய்ப்பட்டு இயற்கையாக நேரும் மரணங்களுக்குப் பின், உறவினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் துக்கம் தணியாமல் நிலைத்துவிடுகிறது என்று 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறியது. விபத்து, பேரிடர், கொலை, தற்கொலை போன்ற மரணங்களில் இந்த அளவு ஏறக்குறைய பாதியாக உயர்கிறது என்று 2020இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு காட்டியது.

இதற்கு நீடித்த துயரக் கோளாறு என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், ஊர் வழக்கத்தையும் மீறி, ஏக்கமும் வேதனையும் அன்றாட வாழ்வையே முடக்கினால் கவனிக்க வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட கையேடு, பெரியவர்களுக்கு ஓராண்டு, பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்று கணக்கிடுகிறது.

அதிர்ச்சி என்பது வேறு. துக்கத்தில் மனம் இறந்தவரைத் தேடுகிறது. அதிர்ச்சியில் மனம் நடந்த சம்பவத்திடமிருந்து தப்பி ஓடுகிறது. அலை வந்த காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வரும். கெட்ட கனவுகள் வரும். கடற்கரைப் பக்கமே போகப் பிடிக்காது. சிறு சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப்போடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த அதே இடத்தில் தானும் அலையில் சிக்கியவருக்குத் துக்கமும் அதிர்ச்சியும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

யாருக்குப் பாதிப்பு அதிகம்?

தமிழ்நாட்டில் சுனாமிக்குச் சுமார் 8,000 பேர் பலியானார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள். தமிழ்நாட்டுக் கடலோர மீனவ கிராமம் ஒன்றில் நடத்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேரிடம் அதிர்ச்சிக் கோளாறு காணப்பட்டது. குடும்ப வருமானத்தை முற்றிலும் இழந்தவர்கள், பெண்கள், சுனாமியில் காயமடைந்தவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாக இருந்தது. அலை எல்லார்மீதும் ஒன்றாகத்தான் அடித்தது. மறுநாள் அடுப்பெரிக்க வழியில்லாதவர் மனத்தில்தான் அது தங்கிவிட்டது.

இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அங்கு சுனாமி நடந்த மூன்று நான்கு வாரங்களில், மூன்று கடலோரப் பகுதிகளைச் சேர்ந்த 264 சிறுவர்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 விழுக்காடு வரை பாதிப்பு இருந்தது. குடும்பத்தில் உயிரிழப்பு நேர்ந்த பிள்ளைகளும், முன்பே போர் போன்ற கொடுமைகளை அனுபவித்த பிள்ளைகளும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பழைய காயத்தின்மேல் விழுந்த புதிய அடி அது.

பிள்ளைகள் பெரியவர்களைப் போல் வாய்விட்டுச் சொல்வதில்லை. விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பும். காரணமில்லாமல் வயிறு வலிக்கும். தாயின் சேலையைவிட்டு நகரமாட்டார்கள். நடந்த கோரத்தையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப நடித்துக்காட்டுவார்கள். “சின்னப் பிள்ளை, அதற்கென்ன தெரியும்” என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதால், உதவி தேவைப்படும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

யார் கண்ணிலும் படாத இன்னொரு கூட்டமும் உண்டு. 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இத்தகைய விபத்துகளில் இறந்தவரின் குடும்பம் கடல்கடந்து இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்த சக தொழிலாளிக்கோ மொழியும் இல்லை, தோள்கொடுக்க உறவும் இல்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் சரியாகுமா?

பேரிடர் நடந்த சில நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, பார்த்தது, கேட்டது, உணர்ந்தது அனைத்தையும் சொல்லவைக்கும் முறை ஒன்று 1980களில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பிரிட்டனில் தீக்காயமடைந்தவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. 1997இல் வெளிவந்த அந்த ஆய்வில், 13 மாதங்களுக்குப் பின், பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக் கோளாறு இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் அது 9 விழுக்காடுதான். இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஒரே ஒரு தடவை கட்டாயமாகப் பேசவைப்பதால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று முடிவு கட்டினார்கள்.

இதனால் உலகச் சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பது மனநல முதலுதவி என்ற எளிய முறையை. அதற்கான கையேடு 2011இல் வந்தது. பாதுகாப்பான இடம், சாப்பாடு, தண்ணீர், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தல், சரியான தகவல் ஆகியவையே முதல் மருந்து. அருகில் அமர்ந்திருக்க வேண்டும். பேச விரும்பினால் காதுகொடுக்க வேண்டும். பேச விரும்பாவிட்டால் தூண்டித் துருவக் கூடாது.

அப்படியானால் சிகிச்சை என்ன செய்கிறது?

வாரங்கள் கடந்தும் தேறாதவர்களுக்குச் சிகிச்சை உண்டு. அதில் பேச்சு இருக்கிறது. ஆனால் அவசரம் இல்லை, தனிமையும் இல்லை. அதிர்ச்சியான நினைவுகள் மனத்தில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு காட்சி எது வந்தாலும் சம்பவம் இப்போதே நடப்பதுபோல் மனம் பதறுகிறது. கதைசொல்லல் சிகிச்சையில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். அதுதான் வாழ்க்கை. நல்ல நிகழ்ச்சிகளுக்குப் பூவும் கெட்ட நிகழ்ச்சிகளுக்குக் கல்லும் வைக்கப்படும். பிறகு பல அமர்வுகளில், எந்த இடம், எந்த நாள், அடுத்து என்ன என்று பாதிக்கப்பட்டவர் வரிசையாகச் சொல்லுவார். கூடவே ஒருவர் இருந்து கேட்பார். சிதறிய நினைவு தனக்குரிய நாளில், தனக்குரிய இடத்தில் போய் அமர்கிறது. அது முடிந்துபோன ஒன்று என்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

போரும் சுனாமியும் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களுக்கு உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை தந்தார்கள். ஒரு பிரிவுக்குக் கதைசொல்லல் முறை. மறு பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களுக்குப் பின் முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு கூறியது. சிகிச்சையே பெறாத பிரிவு ஒன்று ஒப்பிடுவதற்கு இல்லாததால் சிலர் தாமாகவே தேறியிருக்கலாம். ஆனாலும் பெரிய மருத்துவமனை இல்லாத இடத்தில், பிள்ளையின் மொழி பேசும் பயிற்சிபெற்ற ஒருவரால் இதைச் செய்ய முடியும் என்பது தெளிவானது.

சென்னையிலும் இதே பாடம் கிடைத்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தொண்டர்கள், சீனிவாசபுரத்தில் சுனாமிக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்களை வீடு தேடிச் சென்று சந்தித்து வந்தார்கள். அத்தகைய உதவி கிடைக்காத வேறொரு குடியிருப்பு மக்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்கள் கொண்டுபோனது மருந்து அல்ல. திரும்பத் திரும்ப வந்து கேட்கும் பொறுமை.

உடல் கிடைக்காவிட்டால்?

கடல் கொண்டுபோன சிலர் திரும்பவே இல்லை. உடலைப் பார்க்காத குடும்பம் இறுதிச் சடங்கு செய்யவும் தயங்கும், நம்பிக்கையை விடவும் தயங்கும். இதைத் தெளிவற்ற இழப்பு என்று அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் அழைத்தார். மலேசியத் தமிழருக்கு இது புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. எங்கே, எப்போது இறந்தார்கள் என்று தெரியாமலே மனைவி மக்கள் காத்திருந்தார்கள். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டமும் இதே வேதனையின் குரல்தான். இவர்களிடம் “முடிந்துவிட்டது, விட்டுவிடு” என்பது ஆறுதலாகாது. இரண்டு மனமாக இருப்பது தவறில்லை என்று ஒப்புக்கொள்வதே அவர்களுக்கு நிம்மதி தரும்.

இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்தால்தான் மனம் தேறும் என்ற பழைய கொள்கையையும் 1990களில் ஆய்வாளர்கள் கைவிடத் தொடங்கினார்கள். பந்தம் வேறு வடிவில் தொடரலாம். பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி, ஆடி அமாவாசைப் படையல் என்று நம் முன்னோர் வைத்த நாள்கள் அந்தப் பந்தத்துக்கு ஓர் இடமும் நேரமும் தருகின்றன. ஆனால் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் வீடு வெறுமையாகிறது. அப்போது வாசலில் வந்து நிற்பவரே உண்மையான உறவு.

வீட்டார் என்ன செய்யலாம்?

பிள்ளைகளிடம் “அப்பா வெளியூர் போயிருக்கிறார்” என்று மறைக்க வேண்டாம். இறந்துவிட்டார் என்பதை அந்த வயதுக்குப் புரியும்படி சொல்லலாம். பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றை விரைவில் வழக்கமான நேரத்துக்குக் கொண்டுவரலாம். பள்ளி ஆசிரியருக்கும் ஆலோசக ஆசிரியருக்கும் விஷயத்தைத் தெரிவிக்கலாம். துக்கத்தை மதுவில் கரைக்க முயலும் ஆண்களைக் குடிகாரன் என்று மட்டும் பார்க்காமல், அழத் தெரியாதவராகவும் பார்க்கலாம்.

ஆறு மாதம் கடந்தும் ஒருவர் வேலைக்குப் போக முடியாமல், யாரோடும் ஒட்டாமல், உயிரோடிருந்து என்ன பயன் என்று பேசினால் தாமதிக்கக் கூடாது. சாகவேண்டும் என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டினால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. எனவே போலீஸ் வருமோ என்று அஞ்சி மூடிமறைக்கத் தேவையில்லை.

மனநல மருத்துவரிடம் போனால் ஊரார் பைத்தியம் என்பார்களே என்ற பயம்தான் கடைசித் தடை. கால் எலும்பு முறிந்தவனை யாரும் “காலம் ஆற்றும்” என்று படுக்கையில் போட்டுவைப்பதில்லை. மனம் முறிந்தவருக்கும் அதே நியாயம் வேண்டும்.